கைமாற்றும் செய்முறையும்

நான் குடியிருக்கும் தெருவின் முனையில் மாலைதோறும் பூ விற்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். ஒரு பலகை, அதன்மேல் ஒரு ஈரத்துணி, துணிக்குள் கட்டிய மல்லிகைச் சரம். இவைதாம் அவருடைய கடை. விடியலில் மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குச் சென்று உதிரிப்பூ வாங்கி வருவார். பகலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் துணையோடு அதனைச் சரமாகக் கட்டுவார். அந்தியில் முழக்கணக்கில் விற்பார். ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்கள் தொழிலுக்கு முதல் எவ்வளவு அம்மா?" என்று கேட்டேன். மூவாயிரம், நாலாயிரம் என்று ஏதேனும் ஒரு தொகையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சிரித்துவிட்டு, "முதல் என்னங்கய்யா முதல்! சந்தையில என்னையத் தெரியும், தெருவுல என்னையத் தெரியும். அதேன் முதல்" என்றார்.

அந்த விடையை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது வேடிக்கைக்காக அன்று, துல்லியமான கணக்கு. சந்தையில் மண்டிக்காரருக்கு அவரைத் தெரியும் என்பதால் கையில் காசில்லாத நாளிலும் பூ கிடைக்கிறது. விற்ற பின் மறுநாள் காலையில் பணம் கொடுத்தால் போதும். தெருவில் அவரைத் தெரியும் என்பதால் நாள்தோறும் பூ வாங்கும் வீடுகள் சில இருக்கின்றன. அவ்வீட்டார் மாத முதலில் மொத்தமாகப் பணம் கொடுக்கிறார்கள். கடனாக வாங்கிக் கடனாகவே விற்று, இடையிலுள்ள சிறு வேறுபாட்டில் ஒரு குடும்பம் உண்கிறது. இந்த ஏற்பாட்டில் பத்திரம் இல்லை, ஈடு இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. அறிமுகம் ஒன்றுதான் இருக்கிறது. மாதச் சம்பளமும் சேமநிதியும் இல்லாத மக்கள் இந்த அறிமுகத்தைக் கொண்டு எவ்வாறு காலந்தள்ளுகிறார்கள், அதன் வலிமை எத்தகையது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பற்றி இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

இத்தகைய பிழைப்பு மதுரைக்குப் புதியதன்று. பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி பேசுகிறது. அக்கடைவீதிகளில் இருந்தோர் அனைவரும் பெருவணிகர் அல்லர். பூவும் தின்பண்டமும் சுமந்து திரிந்து விற்றவரும் அவருள் உண்டு. ஆயினும் பொருளியல் அறிஞர் இந்த உலகத்தை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. ஆலையில் வேலை செய்பவன் தொழிலாளி; மற்றவன் வேலையற்றவன் என்று இரண்டே பிரிவாக எண்ணினார்கள். ஆங்கில நாட்டு மானிடவியல் அறிஞர் கீத் ஹார்ட் என்பவர் ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவில், நீமா என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில் தங்கி ஆராய்ந்தார். வேலையற்றவர் என்று ஏட்டில் எழுதப்பட்டவர்கள் எல்லாம் ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பதை அவர் அங்கே கண்டார். ஒருவரே காலையில் ஒரு தொழில், மாலையில் வேறொரு தொழில் என்று உழைத்தார்கள். 1971ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டில் அவர் இதை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது. முறைசாராத் தொழில் என்று இன்று நாம் வழங்கும் சொல் அவ்வாறு பிறந்தது. பெயர் அப்போது வந்தது. வாழ்க்கை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது.

நம் நகரத்தையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை நிறுவினார்கள். அதன் பின்னர் வேறு ஆலைகளும் எழுந்தன. ஆலைச் சங்கு ஊதியதும் தெருவெல்லாம் ஆட்கள் நடந்த காலம் ஒன்று இருந்தது. ஆலையில் இடம் பெற்றவனுக்கு வருகை அட்டை உண்டு. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேமநிதி உண்டு. பெண் கொடுப்பவர்கூட "ஆலையில் நிரந்தரமா?" என்றுதான் முதலில் கேட்பார். அந்தப் பழைய ஆலைகள் பல பின்னாளில் மூடப்பட்டன. ஆனால் மதுரை மக்கள் சோம்பியிருக்கவில்லை. கொத்தனார், சித்தாள், வண்ணம் பூசுபவர், சுமை தூக்குபவர், இட்டிலிக்கடை வைப்பவர், தள்ளுவண்டியில் பழம் விற்பவர் என ஆயிரம் வழிகளில் அவர்கள் பரவினார்கள். சௌராட்டிர மக்களின் கைவண்ணமான சுங்குடிச் சேலைக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலையில் காணும் ஒவ்வொரு புள்ளியும் வீட்டில் இருந்தபடியே ஒரு பெண் விரலால் முடிந்த முடிச்சு. முடிச்சுக்குத்தான் கூலி, மணிக்கணக்குக் கிடையாது. 2013ஆம் ஆண்டில் அதே சிறப்பினைப் பெற்ற மதுரை மல்லியும், செடியிலிருந்து கூந்தலை அடையும்வரை இத்தகைய கைகள் பலவற்றைக் கடந்துதான் வருகிறது.

இனி, இவர்களுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். விளம்பரம் இல்லை, விண்ணப்பம் இல்லை. விடியற்காலையில் நகரின் சில சந்திப்புகளில் கரண்டியும் மட்டப்பலகையும் ஏந்திக் கட்டட வேலையாட்கள் கூடி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மேஸ்திரி வருவார், முகம் பார்ப்பார், தெரிந்தவரை முதலில் அழைப்பார், அவர் தமக்குத் தெரிந்த மற்றொருவரைக் கை காட்டுவார். எட்டு மணிக்கெல்லாம் அந்த இடம் காலியாகிவிடும். எவரையும் அறியாத புதியவர் மட்டும் சிறிது நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் நகரின் புறத்தே வாழ்ந்தோரிடம், "உங்களுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டுத் திரட்டிய விடைகளை 1973ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள் பெரும்பாலோர்க்கு உதவியவர் உற்ற உறவினரோ நெருங்கிய நண்பரோ அல்லர். எப்போதோ ஒருமுறை சந்திக்கும் அரைகுறை அறிமுகக்காரர். காரணம் எளிது. என் தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாத செய்தி எனக்குத் தெரியாத தெருவிலிருந்துதான் வரவேண்டும். நம்மூர்த் தேநீர்க்கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு குவளைத் தேநீருக்காக மட்டுமா அங்கே அவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? அலங்காநல்லூரிலிருந்து வந்தவரும் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்தவரும் ஒரே விசுப்பலகையில் அமர்கிறார்கள். எந்த ஊரில் நடவு தொடங்கியது, எந்த வீதியில் மாடி எழும்புகிறது என்ற செய்தி அங்கேதான் கைமாறுகிறது. வேலை தேடுபவருக்கு அந்தப் பலகையே வேலைவாய்ப்பு அலுவலகம்.

செய்தி மட்டுமா கைமாறுகிறது? பணமும் மாறுகிறது. கைமாற்று என்னும் சொல்லே அழகிய சொல். கடன் என்று சொன்னால் அதில் ஒரு கனம் இருக்கிறது. கைமாற்று என்றால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குச் சற்றுநேரம் மாறியிருக்கிறது என்பதே பொருள். அதற்கு வட்டி கிடையாது. ஆனால் சட்டம் உண்டு; எழுதாத சட்டம். சொன்ன நாளில் திருப்ப வேண்டும். திருப்ப இயலாவிட்டால் ஒளியாமல் நேரில் வந்து தவணை சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று கொடுத்தவர் நாளை வந்து கேட்டால் இல்லை என்று சொல்லலாகாது. இந்த மூன்றையும் மீறியவருக்கு அந்தத் தெருவில் அதன்பின் ஒரு ரூபாயும் பெயராது.

கைமாற்றுக்கு அடுத்த படி சீட்டு. இருபது பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டுவதாகக் கொள்வோம். மாதந்தோறும் இருபதாயிரம் சேரும். அவசரமுள்ளவர் ஏலத்தில் நாலாயிரம் தள்ளிப் பதினாறாயிரத்துக்கு எடுப்பார். தள்ளிய தொகை, சீட்டு நடத்துபவரின் பங்கு போக, எல்லாருக்கும் பகிரப்படும். அவசரமில்லாதவர் கடைசியில் எடுத்து ஆதாயம் அடைவார். ஒருவருடைய நெருக்கடி மற்றொருவருடைய சேமிப்பாகிறது; மற்றொருவருடைய சேமிப்பு ஒருவருடைய நெருக்கடியைத் தீர்க்கிறது. அறிமுகம் உள்ளவரை இது சிறந்த ஏற்பாடு. சீட்டுப் பிடித்தவர் ஒருநாள் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போய்விட்டால், இருபது வீட்டு அடுப்பும் ஒருங்கே அணையும். சீட்டு நிதிகளை ஒழுங்குபடுத்த 1982ஆம் ஆண்டில் மத்திய அரசு சட்டம் இயற்றியதுண்டு. ஆயினும் திண்ணைச் சீட்டுகள் பல அந்தச் சட்டத்தின் நிழலுக்கு வெளியிலேயே நடக்கின்றன.

கைமாற்றும் சீட்டும் கிட்டாதவர் எங்கே போவார்? தண்டல்காரரிடம் போவார். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். கையில் கொடுப்பது 8,500. நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் கட்ட வேண்டும். ஆயிரத்தைந்நூறுதானே வட்டி என்று தோன்றும். ஆனால் வாங்கிய தொகை முழுவதும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அது குறைந்துகொண்டு வருகிறது. அதைக் கணக்கில் கொண்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. கந்துவட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் தனிச்சட்டமே வந்தது. ஆனாலும் தண்டல்காரர் வாசலில் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டால், "வேறு யாரையும் தெரியாது" என்பதே விடையாக வருகிறது. அறிமுகம் இல்லாமைக்கு ஏழை செலுத்தும் அபராதமே அந்த வட்டி எனலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்திலும் சுற்றியுள்ள மானாவாரிப் பூமியிலும் வாழ்பவருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. காதணி விழா, பூப்பு நீராட்டு, திருமணம், புதுமனை புகுவிழா என எதுவாயினும் வாசலில் ஒரு மேசை போட்டு, மொய் நோட்டை விரித்து ஒருவர் அமர்ந்திருப்பார். இன்று சில இடங்களில் கணிப்பொறியே வந்து, மொய் எழுதியவர் கையில் அச்சிட்ட ரசீதும் தருகிறது. கருவி மாறினாலும் கணக்கு மாறவில்லை. நான் உங்கள் வீட்டில் ஐந்நூறு எழுதினால், என் வீட்டு விழாவில் நீங்கள் ஆயிரம் எழுதுகிறீர்கள். ஐந்நூறு பழையதற்கு ஈடு. எஞ்சிய ஐந்நூறு புதியது. அந்தப் புதியது இப்போது என் தலைமேல் ஏறுகிறது. எனவே இக்கணக்கு ஒருநாளும் தீர்வதில்லை.

தீராமல் இருப்பதே இதன் நோக்கம் என்பதை வெளியூரார் எளிதில் உணர்வதில்லை. கணக்குத் தீர்ந்தால் உறவு தீர்ந்தது என்பது இவ்வூர் வழக்கு. பழைய மொய்யை மட்டும் சரியாகத் திருப்பி, மேலே ஒரு ரூபாயும் வைக்காமல் போகிறவர், "இனி உமக்கும் எமக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை" என்று வாய் திறவாமல் சொல்லிச் செல்கிறார். வானம் பார்த்த பூமியில், மூன்றாண்டுக்கு ஒருமுறை விளைச்சல் பொய்க்கும் நாட்டில், வங்கியும் காப்பீடும் எட்டிப் பாராத காலத்தில், மகளுக்கு மணம் முடிக்கவோ, கிணறு வெட்டவோ, ஒரு பெட்டிக்கடை வைக்கவோ இந்த மொய்ப் பணம் உதவியது. ஊரே சேர்ந்து ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்திற்று. பெரும் பொருள் படைத்தவர் எவருமின்றி, இல்லாதவர்களே தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட பொதுநிதி இது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும், சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். செய்முறையில் அவ்விரண்டும் ஒன்று கலந்திருக்கக் காண்கிறோம்.

ஆனால் நேயர்களே, இவ்வளவு சொன்ன பின் இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஏழைகள் எப்படியோ ஒருவருக்கொருவர் உதவிப் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுச் செல்வது நம்மில் பலருக்கு வசதியாக இருக்கிறது. அந்த வசதியைத்தான் நான் இன்று சற்றுக் கலைக்க எண்ணுகிறேன்.

முதலாவதாக, இந்த வலை எல்லாரையும் தாங்குவதில்லை. மொய் நோட்டில் பெயருள்ளவருக்குத்தான் மொய் வரும். பிள்ளையில்லாத கைம்பெண், மணமாகாமல் வயது முதிர்ந்தவர், பிழைப்புத் தேடிப் புதிதாக ஊருக்கு வந்தவர், இவர்களுக்கு நடத்த விழா ஏது? இவர்கள் வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டில் எழுதுவார்கள். தம் வீட்டில் மேசை போடும் நாள் வருவதில்லை. முகூர்த்தங்கள் நெருங்கிய மாதங்களில், வந்த பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு, செய்முறை செய்வதற்காகவே தண்டலுக்கு வாங்கும் குடும்பங்களும் உண்டு. தாய்மாமன் சீர் செய்து கடனாளியானவர் கதை இவ்வட்டாரத்தில் எந்த ஊரிலும் கிடைக்கும். உதவிக்கென்று பிறந்த வழக்கம், கௌரவத்தின் கையில் சிக்கியபோது சுமையாயிற்று. அன்றியும், பெரிய செய்முறைகள் உறவுக்குள்ளும், ஆகவே சாதிக்குள்ளுமே பெரும்பாலும் சுழல்கின்றன. எந்தக் கயிறு ஒரு கூட்டத்தை இறுகக் கட்டுகிறதோ, அதே கயிறு மற்றவரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் ஆகிறது.

இரண்டாவதாக, ஏழைக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. ஒரு வீட்டில் நோய் வந்தால் ஒன்பது வீடு உதவலாம். பத்து வீட்டிலும் ஒரே நாளில் வேலை நின்றால் யார் யாருக்கு உதவுவது? இதை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தொற்றுநோயின் பொருட்டு நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அவ்வாண்டு சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் தொலைக்காட்சியில்தான் கண்டனர். அழகர் வைகையில் எழுந்தருளவில்லை. பக்தர்களுக்கு அது மனவருத்தம். பூக்காரர், பொரிகடலைக்காரர், பொம்மைக்காரர், நீர்மோர் விற்பவர், இராட்டினம் சுற்றுபவர் ஆகியோருக்கோ அது ஆண்டு வருவாயின் இழப்பு. செடியில் பூ இருந்தது. வாங்க ஆள் இல்லை. மண்டிக்காரர் கடன் கொடுக்க அணியமாக இருந்தாலும் வாங்கி விற்க வீதி இல்லை. திருமணங்கள் வீட்டுக்குள் சுருங்கின. மொய் மேசையும் சுருங்கிற்று. நான் முன்னே சொன்ன அம்மையாருக்கு அப்போதும் சந்தையில் எல்லாரையும் தெரியும். தெருவில் எல்லாரையும் தெரியும். அந்த அறிமுகம் அன்று சோறு போடவில்லை. தனித்தனி இடிகளைத் தாங்க வல்ல அந்த வலை, எல்லார் மீதும் ஒருங்கே விழுந்த இடியைத் தாங்க இயலாமற் போயிற்று. அரிசியும் பருப்பும் அன்று நியாயவிலைக் கடையிலிருந்து வர வேண்டியிருந்தது. அதாவது, அரசின் கை நீள வேண்டியிருந்தது.

அப்படியானால் அறிமுகம் என்னும் முதலைக் கொண்டு பிழைத்திருக்கலாமேயன்றி எழுந்து நிற்க முடியாதா? முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அழகர்கோவிலுக்கு அருகே பில்லுசேரி என்னும் சிற்றூரைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மையாரைப் பலரும் அறிவீர்கள். எழுதப் படிக்கக் கற்காதவர். வயலில் கூலி வேலை செய்தவர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டுமென்றால் நிலக்காரர் தனித்தனியே தேடுவதில்லை. ஆட்களைத் திரட்டி வரும் ஒருவரிடம் சொல்வார். அவ்வாறு திரட்டும் பொறுப்பைச் சின்னப்பிள்ளை ஏற்றார். கூலியை அவர் பேசி முடிப்பார். வயது முதிர்ந்தவர், உடல் நலிந்தவர் என்று எவரையும் ஒதுக்காமல் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார். தனித்து நின்றால் எவரும் வேலைக்கு அழைக்காத அந்தப் பெண்கள், கூட்டத்தோடு நின்றபோது கூலி பெற்றார்கள்.

1990ஆம் ஆண்டையொட்டி மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்னும் பெயரில் மகளிர் சேமிப்புக் குழுக்கள் தோன்றின. 1997இல் மதுரையில் அமைந்த தானம் அறக்கட்டளை அவற்றைத் தொடர்ந்து வளர்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1989இல், தருமபுரியில் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் துணையோடு தமிழக அரசும் மகளிர் குழுக்களைத் தொடங்கியது. 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை ஏற்படுத்திற்று. சின்னப்பிள்ளை தம் ஊர்ப் பெண்களைக் களஞ்சியத்தில் சேர்த்தார். பிற ஊர்களுக்கும் சென்று பேசினார். அவருக்கு 1999ஆம் ஆண்டுக்கான ஸ்த்ரீ சக்தி விருதினைத் தில்லியில் வழங்கிய பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து அவர் பாதம் தொட்டு வணங்கினார். 2019ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

விருதைக் காட்டிலும் அவர் செய்த காரியத்தின் உட்பொருளே நமக்கு வேண்டியது. கைமாற்றிலும் சீட்டிலும் செய்முறையிலும் இருந்த அதே நம்பிக்கைதான் களஞ்சியத்திலும் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் அறிவார். தவறினால் நாளை அந்த முகத்தில் விழிக்க வேண்டும். ஆனால் மூன்று மாறுதல்கள் நிகழ்ந்தன. கணக்கு எல்லாருக்கும் பொதுவாக ஏட்டில் ஏறியது. வீட்டில் விழா நடத்த இயலாதவருக்கும், கணவனை இழந்தவருக்கும் அதில் இடம் இருந்தது. தெரு அறிமுகம் வங்கியின் வாசல்வரை சென்று, ஏழைக்கு ஏழையல்லாத ஓர் அறிமுகத்தைத் தேடித் தந்தது. தனியாளின் வேண்டுகோளாக இருந்தது பலருடைய பேரமாக மாறிற்று.

இந்தக் குழுக்களிலும் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு குழுக் கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கும் பெண்களையும் நான் கண்டிருக்கிறேன். கடன் மட்டும் எவரையும் கரையேற்றாது. கூலியும் உயர வேண்டும், வேலையும் நிலைக்க வேண்டும். சட்டங்கள் நம்மிடம் உள்ளன. உடலுழைப்புத் தொழிலாளர்க்கென 1982ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தனிச்சட்டம் கண்டது. 1994இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. தெருவோர வணிகரின் உரிமையைப் பாதுகாக்க 2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. வாரியத்தில் பெயர் பதிந்தால் விபத்துக்கு உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் என்பன உண்டு. ஆயினும் பெயர் பதிய வேண்டுமென்பதையே அறியாதவர் பலர். அறிந்தவரும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டுமே என்று தயங்குகிறார்கள். இங்கேதான் நம் போன்றவர்க்கு வேலை இருக்கிறது. எழுத்தறிந்த ஒருவர் தம் வீட்டுக்கு வரும் சித்தாளுக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால், அவர் தம் அறிமுகத்தை அவருக்குக் கைமாற்றாகக் கொடுத்தவர் ஆகிறார். மேற்கண்ட ஆராய்ச்சி சொல்லும் அரைகுறை அறிமுகத்தின் பயன் இதுவே அல்லவா?

சென்ற கோடையில் எங்கள் தெரு அம்மையாரிடம் தெருவோர வணிகருக்கான அடையாள அட்டையைப் பற்றிச் சொன்னேன். "அதை வைத்து என்னங்கய்யா செய்றது?" என்று கேட்டார். "இந்த இடத்தில் உட்கார உங்களுக்கு உரிமை உண்டு என்று அது சொல்லும்" என்றேன். "இருபது வருசமா உட்கார்ந்திருக்கேன், எல்லாருக்கும் தெரியுமே!" என்றார். தெரியும்தான். ஆனால் நாளை புதிய அதிகாரி ஒருவர் வருவார், அவருக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது ஏட்டுக்கும் தெரிய வேண்டும் என்று விளக்கினேன். சற்றுநேரம் பூவைக் கட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அன்று வாங்கிய இரண்டு முழம் பூவுக்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். செய்முறைக் கணக்கில் நானும் ஏறிவிட்டேன் என்பதை அப்போது உணர்ந்தேன். அதற்கு ஈடு செய்ய வேண்டிய முறை இப்போது என்னுடையது.